உவமையாகிப் போன மலை

ஆண்டுதோறும் ஆடிப் பெருக்கை ஒட்டிக் கொல்லிமலையில் வல்வில் ஓரிக்கு விழா எடுக்கிறார்கள். சர்க்கார் விழா. செம்மேட்டில் இருக்கும் ஓரி சிலைக்கு மாலை, மலர்க் கண்காட்சி, வில்வித்தைப் போட்டி, அதிகாரிகள், பிரமுகர்கள், பிரசங்கங்கள். விழா எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய ஒரு சிற்றரசனை நினைத்து ஒரு மலையே களைகட்டுவது நல்ல காரியம்தான். என் சண்டையெல்லாம் அந்தப் பிரசங்கங்களோடு.

எந்தப் பேச்சாளர் எழுந்தாலும் ஓர் அம்பை விடாமல் உட்காருவதில்லை. யானையைத் துளைத்து, புலியின் வாயில் புகுந்து, மானை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்த அந்த ஒற்றை அம்பு இருக்கிறதே, அதை அவர்கள் விடுகிற வேகத்துக்கு முன்வரிசையில் இருப்பவர்கள் கொஞ்சம் குனிந்துகொள்வதுதான் பத்திரம். பிறகு "அந்த வீரப் பரம்பரையில் வந்தவர்களே!" என்று கூட்டத்தைப் பார்த்து ஒரு கை நீட்டல். கைதட்டல். அடுத்த பேச்சாளர். மறுபடியும் அதே யானை, அதே புலி.

நான் கதை எழுதுகிறவன். புலவர் பட்டம் பெற்றவன் அல்லன். ஆனாலும் புறநானூற்றை எடுத்துப் படிக்கப் பட்டம் தேவையில்லை. ஓரியைப் பாடிய பாட்டுகள் அதில் மூன்று உண்டு. இரண்டு வன்பரணர் பாடியவை. ஒன்று கழைதின் யானையார் பாடியது. மூன்றில் ஒன்றில்தான் அந்த அம்பு வருகிறது. அந்த ஒன்றிலும் அம்பு ஆரம்பத்தோடு சரி. பாட்டின் உயிர் அதற்கு அப்பால் இருக்கிறது.

பாணர் கூட்டம் ஒன்று காட்டு வழியே வருகிறது. வேட்டையாடிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பார்க்கிறது. மார்பில் ஆரம் இருப்பதைப் பார்த்தால் வயிற்றுப் பிழைப்புக்கு வேட்டையாடுகிறவனாகத் தோன்றவில்லை. ஒருவேளை இவன்தான் ஓரியோ, இல்லை வேறு எவனோ என்று அவர்களுக்குச் சந்தேகம். எதற்கும் பாடிப் பார்ப்போமே என்று முழவையும் யாழையும் எடுத்துப் பாடுகிறார்கள். பாட்டில் 'கோ' என்ற சொல் வந்ததும் அந்த மனிதன் வெட்கப்பட்டுப் போகிறான். வெட்கம், ஐயா! யானையைத் துளைத்த அம்பை விட்டவன், தன்னை அரசன் என்று யாரோ ஊர் பேர் தெரியாத பாணர்கள் சொல்லக் கேட்டுக் கூசுகிறான். தான் இன்னான் என்று அவன் சொல்லிக்கொண்டதாகப் பாட்டில் ஒரு சொல்லும் இல்லை. அவர்கள் வாய் திறந்து கேட்பதற்கு முன்னால் மான் இறைச்சியைக் கொடுக்கிறான். உருக்கின நெய் போன்ற தேனைக் கொடுக்கிறான். தன் மலையில் விளைந்த பொன்னையும் மணியையும் குவித்து, கொள்ளுங்கள் என்கிறான். காட்டின் நடுவே, கேட்பார் பார்ப்பார் யாரும் இல்லாத இடத்தில்!

வன்பரணர் வியந்தது இதை. இந்த வெட்கத்தைப் பேசினால் மேடையில் கைதட்டல் விழாது என்பது எனக்கும் தெரியும். மாலைக்கும் பொன்னாடைக்கும் தலை நீட்டி நிற்கிற இடத்தில், புகழ்ச்சிக்குக் கூசினவனைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் அசௌகரியமான விஷயம்தான்.

வன்பரணரின் இன்னொரு பாட்டு இதைவிட வேடிக்கை. ஓரியிடம் போன கூத்தர்கள் ஆடவும் இல்லை, பாடவும் மறந்துவிட்டார்கள். ஏன்? பசி போய்விட்டது, அவ்வளவுதான். வயிறு நிறைந்தால் கலைஞன் கலையை மறப்பான் என்று ஒரு கவிஞனே சொல்வதில் இருக்கும் குறும்பை ரஸித்துச் சிரிக்கத் தெரிந்த ஒரு பேச்சாளரைக் கொல்லிமலை மேடையில் நான் இதுவரை கேட்டதில்லை. கழைதின் யானையாரோ நேரே ஓரியின் முன்னால் நின்று, கேட்பது இழிவு, கேட்டவனுக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்று கணக்குப் போட்டுச் சொல்கிறார். எனக்குக் கிடைக்காமல் போனால் உன்னை நோக மாட்டேன், புறப்பட்ட வேளையையும் பறவைச் சகுனத்தையும்தான் நோவேன் என்கிறார். கை நீட்டுகிறவனுடைய கௌரவத்தை இவ்வளவு சூட்சுமமாகச் சொன்ன பாட்டு எந்த மொழியிலும் அபூர்வம். இதற்கு மேடையில் இடமில்லை. இதில் யானை சாகவில்லையே!

சரி, ஓரி எப்படிச் செத்தான்? இதையும் மேடையில் சொல்வதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கடையெழு வள்ளல்களின் பெயரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள்: பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி. ஏழு பேரும் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பிகள் போலத் தோளோடு தோள் நிற்கிறார்கள். இந்த வரிசையைச் சொல்கிற சிறுபாணாற்றுப்படையே, ஓரியை அறிமுகப்படுத்தும்போது காரியோடு போரிட்டவன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. வரிசைக்குள்ளேயே வெட்டுக் குத்து இருக்கிறது! முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று, வேர்ப்பலா பழுக்கும் கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். அந்தக் காரியின் கோவலூரை அழித்தவன் அதிகமான். அந்த அதிகமானின் தகடூரை எறிந்தவன் பெருஞ்சேரல் இரும்பொறை. ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்றான். வேறொரு வள்ளல் கொன்றவன் ஊரை அழித்தான். கடைசியில் முடிவேந்தன் வந்து மிச்சத்தையும் எடுத்துக்கொண்டான்.

எல்லாவற்றிலும் கொடுமை ஒன்று உண்டு. ஓரியைக் கொன்றுவிட்டுக் காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த அரவம் நற்றிணையில் கபிலர் பாட்டு ஒன்றில் பதிவாகியிருக்கிறது. எதற்காகத் தெரியுமா? ஒரு பரத்தை தெருவில் நடந்து போனாள், ஊரே சலசலத்தது என்று சொல்ல வந்த இடத்தில், உவமையாக! ஒரு மலை தன் தலைவனை இழந்த நாள், யாரோ ஒருத்தியைப் பற்றிய ஊர்ப்பேச்சுக்கு உவமையாகிக் கிடக்கிறது. கபிலரை நான் குறை சொல்லவில்லை. அவர் காலத்தில் அது எல்லாரும் அறிந்த செய்தியாக இருந்திருக்க வேண்டும், அதனால்தான் உவமையாயிற்று. ஆனால் நமக்கு மிஞ்சியிருப்பது அந்த உவமைதான். நாம் அதைக்கூடப் படிப்பதில்லை.

"இதையெல்லாம் விழாவில் சொன்னால் தமிழர் ஒற்றுமைக்குப் பங்கம் அல்லவா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இத்தாலியில் பிளாரன்ஸ் என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. தாந்தே என்ற மகாகவியைப் பெற்ற ஊர் அது. 1302-இல் அவரை ஊரை விட்டே துரத்தின ஊரும் அதுதான். அவர் 1321-இல் ராவென்னா என்ற வேற்றூரில் இறந்தார். பிறகு பிளாரன்ஸ் எத்தனையோ தடவை அவருடைய எலும்புகளைக் கேட்டுப் பார்த்தது. ராவென்னா கொடுக்கவில்லை. சாந்தா குரோச்சே தேவாலயத்தில் 1829-இல் தாந்தேக்காகக் கட்டிய நினைவுக் கல்லறை இன்றும் காலியாகத்தான் நிற்கிறது. ராவென்னாவில் அவர் சமாதியில் எரியும் விளக்குக்கு 1908 முதல் பிளாரன்ஸ் எண்ணெய் கொடுத்து வருகிறது. துரத்தினவர்கள் நாங்கள்தான் என்று ஊரறிய ஒப்புக்கொண்டு கொடுக்கிற எண்ணெய் அது. அந்த நகரத்துக்கு அதனால் மானம் ஒன்றும் போய்விடவில்லை. தாந்தே தம் காவியத்தில் குறிப்பிட்ட தெருவிலும் வீட்டிலும் அந்த அடிகளையே கல்லில் வெட்டிப் பதித்திருக்கிறார்கள். அவற்றில் பிளாரன்ஸ்காரர்களை அவர் ஏசின அடிகளும் சேர்த்திதான்.

நாம் என்ன செய்கிறோம்? பாட்டை விட்டுவிட்டுப் பொம்மையைப் பிடித்துக்கொள்கிறோம். பொம்மை என்றதும் கொல்லிப்பாவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தொழிலைச் சேர்ந்தவர்களும் இந்தப் பழியில் பங்குதாரர்கள்.

குறுந்தொகையிலும் நற்றிணையிலும் வரும் கொல்லிப்பாவை, தெய்வமோ பூதமோ மேற்கு மலைச் சரிவில் சமைத்து வைத்த ஒரு பெண்ணுருவம். பரணர் பாட்டில், காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அது தன் அழகு குலையாமல் நிற்கிறது. இன்னொரு பாட்டில் இளவெயிலில் தோன்றி ஒளி விடுகிறது. நற்றிணையில் ஒரு தலைவன், என்னைக் கொல்லத் துணிந்துவிட்டாளே என்று காதலியை நொந்துகொண்டு பாவையை உவமை சொல்கிறான். காதலித்தவர்கள் எல்லாருமே ஒரு தடவையாவது பேசியிருக்கிற பேச்சுதான். அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிற்காலத்துக் கதைகளில் பாவை சிரிக்கத் தொடங்கிற்று. சிரித்துச் சிரித்து ஆளைக் கொல்லத் தொடங்கிற்று. பகைவர் காலடி ஓசைக்கு அசைகிற யந்திரமாயிற்று. அப்புறம் நம் தொடர்கதை ஆசிரியர்கள் வந்தார்கள். குகை, பௌர்ணமி, சித்தர், மூலிகை, நடுநிசியில் பெண் சிரிப்பு, 'தொடரும்'. இயற்கையின் எந்தச் சீற்றத்துக்கும் கலையாத அழகு என்று பரணர் கண்டதை, வாரப் பத்திரிகை வாங்குகிறவனை ஏழு நாள் பயமுறுத்துகிற பேய்ப் பொம்மையாக்கினோம். இது கற்பனை வளம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இது சோம்பேறித்தனம். மலைக்குப் போகாமலே மலையைப் பற்றி எழுத ஒரு சௌகரியம்.

இந்தச் சௌகரியம் புதிதும் அல்ல. சேர அரசர்களுக்குக் கொல்லி ஒரு விருதுப் பெயர். குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் தம்மைக் கொல்லி காவலன் என்று சொல்லிக்கொள்கிறார். அறப்பள்ளி தேவாரத்தில் வைப்புத் தலம். அதாவது பெயர் மட்டும் வரும், தனிப் பதிகம் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டில் சீகாழி அம்பலவாணக் கவிராயர் அறப்பளீசுர சதகம் பாடினார். நல்ல மனைவி யார், நல்ல மாணாக்கன் யார் என்று உலக வழக்கத்தை எல்லாம் திருத்தமாகச் சொல்கிற நூல். ஒவ்வொரு பாட்டும் சதுரகிரியில் வளரும் அறப்பளீசுரதேவனே என்று முடிகிறது. சதுரகிரி என்பது கொல்லிமலைதான். நூறு தடவை மலையின் பெயர் வருகிறது. மலையோ அதன் குடிகளோ அதில் ஓரிடத்திலும் நினைவில் நிற்கும்படி வரக் காணோம். சங்க காலத்தில் உவமையாக இருந்த மலை, சதகத்தில் பல்லவியாக ஆயிற்று.

ஓரியின் பெயர்கூடச் சாமானியத் தமிழருக்குத் தெரிய வந்தது அண்மைக் காலத்தில்தான். உ. வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டார். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் நற்றிணைப் பதிப்பு 1915-இல் வந்தது. அந்த ஏடுகள் செல்லுக்கு இரையாகியிருந்தால் செம்மேட்டில் சிலை ஏது, மேடை ஏது?

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். அந்த விழாவில் ஒரு தடவை, பேச்சாளர் 'ஓரியின் பரம்பரையே!' என்று கை நீட்டியபோது என் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மலையாளிக் கவுண்டர். (மலையாளி என்றால் கேரளத்துக்காரர் அல்லர், மலையை ஆளுகிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும், தமிழ் பேசும் மலைக்குடிகள்.)

"என்னங்க பெரியவரே, உங்களைத்தான் சொல்கிறார்" என்றேன்.

"எங்க முப்பாட்டன் காஞ்சிபுரத்துலேருந்து வந்தவருங்க. அண்ணந் தம்பி மூணு பேரு. ஆளுக்கொரு மலைக்குப் போனாங்க. இவங்க சொல்ற ராசா யாருன்னு எனக்குத் தெரியலீங்க. நல்ல மனுசராத்தான் இருந்திருப்பாரு" என்றார்.

காஞ்சியிலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் கதை இந்த மலையில் மட்டும் அல்ல, சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் வழங்குகிறது. இதைப் பேச்சாளர் ஒருவரிடம் சொன்னேன். "அது கட்டுக்கதை, சார். சரித்திர ஆதாரம் இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓர் அம்பு ஐந்து பிராணிகளைத் துளைத்தது என்பதற்கு என்ன சரித்திர ஆதாரம்? புறநானூற்றில் இருக்கிறது, ஆகவே நம்பலாம். மூன்று சகோதரர்கள் காஞ்சியிலிருந்து நடந்து வந்தார்கள் என்பது ஒரு கிழவியின் வாயில் இருக்கிறது, ஆகவே கட்டுக்கதை. புறநானூறும் ஒரு காலத்தில் பாணன் வாயிலும் பாடினி வாயிலும் இருந்த மரபில் முளைத்ததுதானே! யாரோ ஏட்டில் எழுதி வைத்தார்கள், அதனால் பிழைத்தது.

இரண்டு கதைகளும் அங்கே இருக்கட்டும் என்கிறேன். ஓரி மலைக்கு உரியவன். அவனை யாரும் எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாகப் பாடுபடுகிற ஜனங்களைப் பார்த்து, உங்கள் பாட்டி சொன்னது பொய், நாங்கள் கீழேயிருந்து கொண்டுவந்திருக்கும் பாட்டன்தான் உங்கள் பாட்டன் என்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது? காரி கொல்லியைப் பிடித்துச் சேரனுக்குக் கொடுத்தது ஒரு தடவை. நாம் ஆண்டுக்கு ஒரு தடவை அதையே செய்கிறோம்.

வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு, தேவானூர் நாடு என்று அந்த மலையில் ஒவ்வொரு ஊர்க்கூட்டமும் 'நாடு'தான். அந்த நாடுகளில் சாமை என்று பொதுவாகச் சொன்னால் சிரிப்பார்கள். பெருஞ்சாமையா, சடஞ்சாமையா, கட்டவெட்டிச் சாமையா, மல்லியச் சாமையா? கேழ்வரகை அவர்கள் கேவுரு என்பார்கள். சட்டைக் கேவுரு உண்டு, சுண்டாங்கிக் கேவுரு உண்டு. தினையில் செந்தினை, பெருந்தினை, கோரந்தினை, மூக்காந்தினை. குறிஞ்சித் திணைக்கு உணவு தினை என்று நம் தமிழ்ப் பாடப் புத்தகம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது. தினைப்புனம் காத்த தலைவி கிளியை ஓட்டினாளே, அவள் காத்தது எந்தத் தினை என்று கேட்கிற மாணவனும் இல்லை, சொல்லக்கூடிய வாத்தியாரும் இல்லை. கொல்லிமலையில் ஒரு கிழவி சொல்வாள்.

ஆனால் எத்தனை நாளைக்குச் சொல்வாள்? சேலம், நாமக்கல், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு போகத் தொடங்கியபின், சாமையும் தினையும் இருந்த சரிவுகளில் மரவள்ளி ஏறிவிட்டது. கையில் காசு வருகிறது. அதை நாம் குறை சொல்ல முடியாது. குத்திப் புடைக்கிற பாடு அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். பயிர் போனால் பெயர் போகிறது. பெயர் போனால் அதோடு ஒட்டிய பாட்டும் பழமொழியும் போகின்றன. இந்தப் பெயர்களைத் தேடித் தேடி எழுதி வைத்து, விதையையும் காப்பாற்ற முனைந்தவர்கள் யார் தெரியுமா? எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துப் பயிர் விஞ்ஞானிகள், 1990-களிலிருந்து. குறிஞ்சித் திணையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிற புலவர் பெருமக்கள் அல்லர்.

கதைக்காரர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? பிரான்டுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்கு இந்த மலை தெரியாது என்று இங்கிலீஷ்காரன் சொன்னால் தலை குனிய வேண்டியதுதான். ஜெஸ்ஸி பிரான்ட் என்ற பாதிரியும் அவர் மனைவி எவலினும் அந்த மலையில் போய்க் குடியிருந்தார்கள். 1929-இல் அவர் அங்கேயே காய்ச்சலில் மாண்டார். 1914-இல் அவர்களுக்குப் பிறந்த பிள்ளைதான் வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிரான்ட். அவர்களைப் பற்றி இங்கிலீஷில் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. கொல்லிமலையின் மழையும் மலைக்காய்ச்சலும் அவற்றில் வருகின்றன. தமிழில் கு. சின்னப்ப பாரதி 'சங்கம்' என்று ஒரு நாவல் எழுதி, அந்த ஜனங்களை மனிதர்களாக நடமாட விட்டார். பாண்டியன் வளர்த்த சங்கம் அல்ல. பாடுபடுகிறவர்கள் தங்களுக்குள் கூடிக்கொண்ட சங்கம். பேய்ப் பொம்மை நாவல்களின் விற்பனையோடு அதன் விற்பனையை ஒப்பிட எனக்குத் தைரியம் இல்லை.

காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போகிறவர்கள் இப்போது எத்தனையோ பேர். ஆகாய கங்கையில் குளிக்கிறார்கள், அறப்பளீசுவரரைக் கும்பிடுகிறார்கள், மிளகும் பலாப்பழமும் பேரம் பேசி வாங்குகிறார்கள், வளைவுகளை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டு இறங்குகிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. குளிக்கப் போனவன் குளித்துவிட்டு வருகிறான். இலக்கியத்துக்காகப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு போய் அம்பு விட்டுவிட்டு வருகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

விழாக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆடியில் பிரசங்கங்களைப் பாதியாகக் குறைத்து, ஒரு மணி நேரம் மிச்சம் பிடியுங்கள். வளப்பூர் நாட்டிலிருந்தோ தின்னனூர் நாட்டிலிருந்தோ வயதான ஒரு அம்மாளை அழைத்து உட்கார வையுங்கள். சாமை வகைகளை அவர் வரிசையாகச் சொல்லட்டும்; எது எந்த மழைக்கு வரும், எதைக் கிளி தொடாது, எதைப் பிள்ளை பெற்றவளுக்குப் பொங்கிப் போடுவார்கள் என்று சொல்லட்டும். மூன்று சகோதரர்கள் கதையையும் அவர் வாயால் சொல்லட்டும். பேச்சாளர்கள் கீழே தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். யாராவது ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். அவரை அழைத்துவந்த பேரனுக்கும், ஒலிபெருக்கிக்காரனுக்கும், பந்தல் போட்ட ஆட்களுக்கும் சேர்த்து வயிறாரச் சோறு போட்டு அனுப்புங்கள். ஓரியின் வீட்டு வழக்கம் அது. வன்பரணர் எழுதி வைத்திருக்கிறார்.